பொது யந்திரத்துக்கு மசகு இடுவது யார்?

மாட்டை ஏரில் பூட்டுமுன் அதற்குத் தீனியும் தண்ணீரும் காட்ட மறக்கும் குடியானவர் எவரும் இல்லை. ஒரு நாள் மறந்தாலும் மாடு சும்மா இராது. கத்தும், சண்டித்தனம் செய்யும், படுத்துக்கொள்ளும். யந்திரமோ அவ்வாறு முறையிடுவதில்லை. மசகு வற்றிய பேரிங்கு பல நாள் மௌனமாகத் தேய்ந்துகொண்டே வேலை செய்யும். பின்னர் நடவு நெருக்கும் ஒரு நாளில் உடைந்து நின்றுவிடும். அன்றுதான் எல்லோரும் மசகைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள திருப்புலி நாட்டைப் போன்ற இடங்களில் இவ்விஷயம் சமவெளியைக் காட்டிலும் அதிகக் கவனத்துக்கு உரியது. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்குகளில் படிப்படியாக அமைந்த வயல்களில் நெல்லும், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி முதலியனவும், நிழல்மரங்களின் கீழ்க் காப்பியும் மிளகும் பயிராகின்றன. காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு பேரிங்கு உடைந்தால், அதற்கு மாற்று வாங்க ஓர் ஆள் பெரும்பாலும் அவ்வளைவுகளில் இறங்கித் திரும்பவும் ஏற வேண்டும். சமவெளியில் அரை நாளில் தீரும் பழுது இங்கே இரண்டு மூன்று நாளைக் கொண்டுபோகும். மழை ஈரம் காத்திருப்பதில்லை, நாற்றும் காத்திருப்பதில்லை.

இத்தகைய பழுதுகளுக்குக் கடையில் விற்கும் கிரீஸின் தரக்குறைவே காரணம் என்று சொல்லுவது வழக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் பெரிய காரணம் வேறு. டிராக்டரும், பவர் டில்லரும், ரோட்டாவேட்டரும் இன்று பல இடங்களில் வாடகைக்கு ஓடுகின்றன. அல்லது குழுவாகச் சேர்ந்து வாங்கியவையாக உள்ளன. உடைமையாளர் மசகு இடுவது ஓட்டுநர் வேலை என்று எண்ணுகிறார். ஓட்டுநர் அது உடைமையாளர் செலவு என்று எண்ணுகிறார். வாடகைக்கு எடுத்தவர் அது தம்மைச் சேர்ந்ததே அல்ல என்று எண்ணுகிறார். மூவர் பொறுப்பாக இருக்கும் காரியம் ஒருவர் பொறுப்பாகவும் இராமற் போகிறது. தகுந்த மசகைத் தேர்ந்தெடுப்பது அவசியமே. அதை இடும் பொறுப்பை ஒருவர்மீது நிலைநிறுத்துவது அதனினும் அவசியம்.

பண்டைய வழக்கம்

மலைப்பாதையில் அச்சு முறிவதைப் பற்றிய கவலை தமிழ் நாட்டுக்குப் புதிதன்று. மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டிய உப்பு வாணிகர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தி புறநானூற்று 102-ஆம் பாட்டில் காணப்படுகிறது. மாட்டு வண்டி வைத்திருந்தோர், வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கிற் குழாயில் அடைத்து வண்டியிலேயே தொங்கவிட்டிருந்தனர். பயணம் புறப்படுமுன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து, அச்சில் மை தடவி, மறுபடியும் மாட்டுவார்கள். வண்டியோட்டுபவரே மையிட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. யந்திரம் வந்தபோது வண்டி மை போய்க் கிரீஸ் வந்தது. அந்த ஒழுங்கு மட்டும் உடன் வரவில்லை.

மசகின் தன்மை

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது எண்ணெயைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் ஒரு வகைச் சோப்பு. பஞ்சு தண்ணீரைத் தாங்குவதுபோலச் சோப்பின் நுண்ணிய நார்கள் எண்ணெயைத் தாங்கி நிற்கின்றன. உருளும் பாகங்கள் அழுத்தும்போது சிறிது சிறிதாக எண்ணெய் வெளிப்பட்டு உராய்வைத் தடுக்கிறது. ஒழுகிப் போகாமல் இடத்திலேயே நிற்பதும், சேறும் தண்ணீரும் உட்புகாதபடி வாயிலை அடைத்துக்கொள்வதும் கிரீஸுக்கு உரிய தனிக் குணங்கள்.

எந்த உலோகத்தின் சோப்பு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கிரீஸின் குணம் மாறும். கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சோப்பினால் ஆன பழைய வகை, தண்ணீரை நன்கு தாங்கும். ஆனால் உஷ்ணம் தாங்காது. 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் தொடர்ந்து சூடேறும் இடங்களுக்கு அது ஏற்றதன்று. சோடியச் சோப்பினால் ஆனது உஷ்ணத்தைத் தாங்கும். தண்ணீர் பட்டால் கரைந்து போகும். சேற்று வயலில் அதற்கு வேலையில்லை. இரண்டையும் ஒருவாறு தாங்கும் லித்தியம் கிரீஸுக்கு அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் 1942-இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் அதுவே உலகெங்கும் பொது உபயோகத்துக்கு உரியதாகப் பரவியது. இதில் சேரும் சோப்பைச் செய்யப் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பு அமிலமே பயன்படுகிறது. வண்டி மைக்கு உதவிய ஆமணக்கு வேறு உருவத்தில் டிராக்டருக்கும் உதவி வருகிறது. உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு இந்தியாவே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தேர்ந்தெடுக்கும் முறை

டப்பாவின்மேல் முதலில் பார்க்க வேண்டியது எண். தேசிய மசகுக் கிரீஸ் நிலையம் என்ற அமெரிக்கச் சங்கம் வகுத்த எண்களே இன்று எங்கும் வழங்குகின்றன. 25 டிகிரி சென்டிகிரேடில் ஒரு குறிப்பிட்ட எடையுள்ள கூம்பைக் கிரீஸின்மீது 5 விநாடி அமிழவிட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பர். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 2-ஆம் எண். 31 முதல் 34 வரை இறங்கும் இளகலானது 1-ஆம் எண். 22 முதல் 25 வரையுள்ள கெட்டியானது 3-ஆம் எண். இவ்வெண்கள் கெட்டித்தன்மையை மட்டும் குறிப்பன. தரத்தைக் குறிப்பன அல்ல. பண்ணை யந்திரங்களின் நிப்பிள்கள் பெரும்பாலானவற்றுக்கு 2-ஆம் எண் பொருந்தும். கொல்லிமலையின் குளிர் அதை மாற்றவேண்டிய அளவுக்குக் கடுமையானதன்று.

இரண்டாவது, சோப்பின் வகை. லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் என்று குறிக்கப்பட்ட, அழுத்தம் தாங்கும் சேர்க்கை உள்ள 2-ஆம் எண் கிரீஸ் ஒன்றை வைத்துக்கொண்டால் டிராக்டரின் முன் அச்சு, ஸ்டியரிங் மூட்டுகள், பெடல் தண்டுகள், பி.டி.ஓ. தண்டின் மூட்டுகள், கலப்பைச் சக்கரங்கள் ஆகிய யாவற்றுக்கும் அது போதும். நாள்தோறும் சேற்றில் மூழ்கும் பாகங்களுக்குக் கால்சியம் சல்பொனேட் காம்ப்ளெக்ஸ் என்னும் வகை மேலானது. தண்ணீரிலும் துருப்பிடியாமல் காக்கும் சக்தி அதற்கு மிகுதி. விலை கூடுதல் ஆகையால் எல்லா இடத்துக்கும் அதை வாங்க வேண்டியதில்லை.

மாலிப்டினம் சேர்ந்த கரிய கிரீஸை எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று சிலர் எண்ணி வாங்குகின்றனர். கனத்த பாரத்தைத் தாங்கி மெதுவாக அசையும் ஊசிகளுக்கும் புஷ்களுக்கும் அது நல்லதே. வேகமாகச் சுழலும் பேரிங்குகளுக்கு அதனால் விசேஷ அனுகூலம் இல்லை. நிறத்தைக் கண்டு மயங்குவதும் தவறு. சிவப்பு, நீலம், பச்சை ஆகியன தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். ஒருவரது நீலமும் மற்றொருவரது நீலமும் வெவ்வேறு பொருளாக இருக்கலாம்.

சில்லறையாகப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பெயரில்லாக் கிரீஸை வாங்கக் கூடாது. அதன் எண்ணும் தெரியாது, சோப்பும் தெரியாது; திறந்த தகரத்தில் எவ்வளவு தூசி விழுந்தது என்பதும் தெரியாது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து மணல் போல நெருடினால் அது மசகாகாது, தேய்க்கும் அரமேயாகும். மலைக்குக் கொண்டுவரும்போது மூடி முத்திரையுள்ள சிறு டப்பாக்களாகவே கொண்டுவருதல் நலம். வாங்குமுன் யந்திரத்துடன் வந்த புத்தகத்தைப் பார்த்து, அதில் குறித்திருப்பதே முடிவு என்று கொள்ளவும்.

கலப்பினால் வரும் தீமை

பழைய கிரீஸின்மேல் வேறு வகைக் கிரீஸை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து கெடுவது உண்டு. சோப்பின் நார்கள் தம்முள் ஒவ்வாமற் போய், கலவை தண்ணீர்போல் இளகி ஒழுகும். அல்லது கெட்டித்து எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாலியூரியா என்னும் வகை பல லித்தியம் கிரீஸ்களுடன் ஒவ்வாது. மின்சார மோட்டார்களில் அவ்வகை மிகுதியாக வருவதால் கவனம் வேண்டும்.

இந்த அபாயம் முன்னைவிட இப்போது அதிகம். மின்சார மோட்டார் வண்டிகளின் பாட்டரிகளுக்கு லித்தியம் வேண்டியிருப்பதால் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் அதன் விலை வெகுவாக ஏறியது. அதனால் கிரீஸ் தயாரிப்போர் பலர் கால்சியம் வகைகளின் பக்கம் திரும்பலாயினர். அதே கடையில், ஏறக்குறைய அதே தோற்றமுள்ள டப்பாவில், வேறு சோப்பு இருக்கக்கூடும். ஆகையால் ஒரு யந்திரத்துக்கு ஒரு வகை என்று தீர்மானித்து, டப்பாவின் பெயரை யந்திரத்தின்மேல் பெயிண்டால் எழுதி வைப்பது நன்று. வகையை மாற்றியே தீரவேண்டுமாயின் சக்கரக் குடத்தைக் கழற்றிப் பழையதைத் துடைத்தெடுத்த பின்பு புதியதை இட வேண்டும். கழற்ற இயலாத மூட்டுகளில் புதியது சுத்தமாக வெளிவரும்வரை அழுத்திப் பழையதை வெளியேற்ற வேண்டும்.

இடும் முறை

மிக உயர்ந்த கிரீஸும் அழுக்கான நிப்பிள் வழியே சென்றால் கேடே செய்யும். நிப்பிளின் தலையைத் துணியால் துடைத்த பிறகே கிரீஸ் கன்னை மாட்ட வேண்டும். துடையாமல் அழுத்துபவர், தலையில் ஒட்டிய மண்ணை முதலில் உள்ளே செலுத்துகிறார். கைப்பிடி மிகக் கடினமாகி, நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் வழிந்தால் அதன் வாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். திறவாவிடில் புதிது போட வேண்டும். நான்கைந்து நிப்பிள்களைக் கைவசம் வைத்திருப்பது பெரிய செலவன்று.

அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். முன் அச்சின் நடு ஊசி, கிங் பின் முதலிய திறந்த மூட்டுகளில் பழைய கரிய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அழுத்தலாம். அது உள்ளிருக்கும் சேற்றையும் வெளியே தள்ளும். ஆயில் சீல் உள்ள பேரிங்குகளில் அவ்வாறு செய்தல் தவறு. மிகுதியாக அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும். பிறகு அவ்வழியே தண்ணீர் புகும். அங்கே புத்தகத்தில் கூறிய அளவோடு நிறுத்த வேண்டும். முன் சக்கரக் குடத்தைக் கழற்றிக் கிரீஸ் அடைக்கும்போது, பேரிங்கின் உருளைகளுக்கிடையே நன்கு ஊறவைத்து, குடத்தின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரப்பினால் போதும். முழுவதும் அடைத்தால் கிரீஸ் தானே கடையப்பட்டுச் சூடேறும்.

பி.டி.ஓ. தண்டின் மூட்டுகளுக்கு 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒரு முறை மசகு வேண்டும். சேற்றுழவில் ரோட்டாவேட்டர், கூண்டுச் சக்கரம் முதலியவற்றோடு வேலை செய்யும் நாட்களில், காலையில் இடுவதைவிட மாலையில் வேலை முடிந்து கழுவியவுடன் இடுவதே மேல். பகலில் உட்புகுந்த தண்ணீர் இரவு முழுதும் பேரிங்கில் தங்கித்தான் துருவை உண்டாக்குகிறது. மாலையில் இட்ட கிரீஸ் அதை அப்போதே வெளியேற்றிவிடும். ரோட்டாவேட்டர் தண்டின் ஓரத்தில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலையும் கயிற்றையும் அன்றாடம் அறுத்தெடுக்க வேண்டும். அவை சீலை அறுத்துவிடுமாகையால் அதன்பின் எந்தக் கிரீஸும் நில்லாது.

கிரீஸ் இடத்தகாத இடங்களும் உண்டு. ரோட்டாவேட்டரின் கியர்ப் பெட்டிக்குப் புத்தகம் வேறு விதமாகக் கூறாதவரை கியர் எண்ணெயே உரியது. எண்ணெய் ஒழுகுகிறதென்று அதில் கிரீஸை அடைப்பவர் ஒழுக்கை நிறுத்தலாம், பற்களைத் தேயவிடுகிறார். பெல்ட்டிலும் பிரேக் கட்டைகளிலும் கிரீஸ் படவே கூடாது. மலைச்சரிவில் பிரேக்கு வழுக்கினால் நஷ்டம் யந்திரத்தோடு நில்லாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைக் கிரீஸுக்குப் பதிலாகத் தடவும் வழக்கத்தையும் விட வேண்டும். அதில் இரும்புத் துகளும் கரியும் அமிலமும் இருக்கின்றன. துடைத்தெடுத்த பழைய கிரீஸையும் துணியையும் வாய்க்காலில் எறியாமல் தகரத்தில் சேர்த்து வைக்க வேண்டும். இம்மலையின் வாய்க்கால்கள் ஓடைகளில் சேர்கின்றன. ஓடைகள் ஐயாற்றில் சேர்கின்றன. அத்தண்ணீரைக் கீழே உள்ளோரும் உபயோகிக்கின்றனர்.

தானியம் செல்லும் யந்திரங்கள்

கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தொடங்கி ஈடுபட்டது. சாமையையும் தினையையும் கையால் குத்திப் புடைக்கும் பெண்களின் கடும் உழைப்பைக் குறைக்க, உமி நீக்கும் யந்திரங்களும் ஊர்களில் அமைக்கப்பட்டன. இவை உண்ணும் பொருள் செல்லும் யந்திரங்கள். ஆகையால் தனிக் கவனம் வேண்டுவன. பேரிங்கிலிருந்து வழியும் கிரீஸ் அரிசியில் சொட்டக்கூடிய இடமானால், உணவுப் பொருளில் தற்செயலாகப் பட்டாலும் தீங்கில்லை என்று அனுமதிக்கப்பட்ட எச்-1 வகைக் கிரீஸை அங்கே உபயோகிக்க வேண்டும். வயலில் டிராக்டருக்கு உபயோகித்த கன்னை இங்கே கொண்டுவரக் கூடாது. காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் யந்திரம் வைத்திருப்போரும் இதையே கைக்கொள்ளலாம். அது தண்ணீரோடு வேலை செய்வதாகையால் தண்ணீர் தாங்கும் வகையாகவும் இருத்தல் வேண்டும்.

உயிருக்கு அபாயம்

பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று சுழலுகிறது. வேட்டி முனையோ துண்டோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பின்பே மசகு இட வேண்டும். மசகு இடுவதற்காகக் கழற்றிய மூடியை மறுபடியும் மாட்ட வேண்டும்.

கைக் கிரீஸ் கன்னிலும் சதுர அங்குலத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகக்கூடும். வெடித்த குழாயிலிருந்து பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும்; வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். ஆனால் சில மணி நேரத்தில் விரலோ கையோ அழுகும் நிலைக்கு வரலாம். இதை முள் குத்தியதாக எண்ணி வீட்டில் இருந்துவிடாமல், அன்றே, அப்போதே, அறுவை மருத்துவம் செய்யும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நேரமும் கணக்கில் சேருமாகையால் தாமதம் கூடாது.

ஸ்டியரிங் மூட்டுகளையும் இந்தத் தலைப்பிலேயே சேர்க்க வேண்டும். சமவெளியில் அவை தேய்ந்தால் டிராக்டர் வரப்பில் ஏறும். டிரெய்லரில் பாரம் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது தேய்ந்த மூட்டு கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொறுப்பை நிலைநிறுத்தும் வழி

இவ்வளவும் பெரும்பாலும் தெரிந்தவையே எனலாம். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதே கேள்வி. வாடகை யந்திரங்களின் கணக்கு முறையே இதற்குக் காரணமாக இருக்கிறது. வாடகை மணிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. யந்திரம் ஓடும் நேரத்துக்கு மட்டும் கூலி உண்டு. மசகு இடும் கால் மணி நேரத்துக்கு ஒருவரும் கூலி தருவதில்லை. அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று கூப்பிடுகிறார். இந்நிலையில் ஓட்டுநர் அந்தக் கால் மணி நேரத்தை விட்டுவிடுவதில் வியப்பில்லை. அவரைச் சோம்பேறி என்று வைவதனால் பயன் இல்லை. முறையை மாற்ற வேண்டும்.

முதலாவதாக, மசகு இடும் நேரத்தை வாடகை நேரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். நாள் வேலை முடிந்தவுடன் கடைசிக் கால் மணி நேரம் மசகுக்கு உரியது என்று வைத்து, வாடகைக்கு எடுத்தவர் முன்னிலையிலேயே அது இடப்பட வேண்டும். கூலி கொடுப்பவர் அதைப் பார்த்து நிற்பார்; பார்ப்பவர் இருந்தால் காரியம் நடக்கும். தம் வயலின் சேற்றைத் தாங்கிய யந்திரத்துக்குத் தாமே செலவு செய்வது நியாயமே அன்றி வீண் சுமையன்று.

செலவு எவ்வளவு என்பதையும் பார்க்கலாம். சாதாரணக் கைக் கன் ஒரு அழுத்தலுக்குச் சுமார் 1 கிராம் கிரீஸ் தரும். ஒரு டிராக்டரிலும் அதனோடு பூட்டிய கருவியிலும் 20 நிப்பிள்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் 3 அழுத்தல் வேண்டுமென்றும் வைத்துக்கொண்டால் நாள் ஒன்றுக்கு 60 கிராம். அரைக் கிலோ டப்பா 8 நாளைக்கு வரும். உடைந்த ஒரு பேரிங்கின் விலையையும், அதை வாங்கிவரப் போக்குவரவுச் செலவையும், நின்றுபோன நாட்களின் வாடகையையும், ஈரம் தப்பிய வயலின் நஷ்டத்தையும் இதனோடு வைத்து ஒப்பிட்டால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு மசகுப் புத்தகம் வேண்டும். தேதி, ஓடிய மணி, மசகு இட்டவர் பெயர், வாடகைக்கு எடுத்தவர் கையொப்பம் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். வாடகை ரசீதில் இக்கையொப்பம் இல்லாவிடில் அடுத்த நாள் யந்திரம் வெளியே செல்லலாகாது. நீண்ட எழுத்து வேலை என்று இதை மறுப்போர், நான்கு கட்டத்தை நிரப்ப ஒரு நிமிஷமும் ஆகாது என்பதைச் செய்து பார்த்தால் அறிவர்.

மூன்றாவதாக, கிராம அதிகாரிகளும் குழுத் தலைவர்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விவசாய யந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசின் துணை இயக்கம் 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கியதிலிருந்து வாடகை மையங்களை அமைக்க மானியம் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. தமிழ் நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையும் யந்திரங்களை வாடகைக்கு விட்டு வந்திருக்கிறது. மானியத்தில் யந்திரம் வாங்கும் நாளில் மாலையும் படமும் எடுப்பதோடு நில்லாமல், அன்றே கிரீஸ் கன் யாரிடம் இருக்கும், டப்பாவை யார் வாங்குவது, புத்தகத்தை யார் பார்ப்பது என்பதையும் குழுவின் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். மாதம் ஒரு முறை அப்புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது அதிகாரிகளுக்குச் சிரமமான காரியமன்று.

உடைமையாளர் ஒருவரே உழும் இடத்தில் இம்முறைகள் வேண்டாம் என்று சிலர் கூறக்கூடும். அங்கும் மகனும் கூலியாளும் மாறி மாறி ஓட்டுகின்றனர். அவன் இட்டிருப்பான் என்று இவனும், இவன் இட்டிருப்பான் என்று அவனும் இருந்துவிடுவது வீட்டிலும் நடக்கிறது. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மசகு இட்ட நாளுக்கு ஒரு கோடு இழுத்தால் அதுவே புத்தகம்.

கிரீஸில் சிறந்தது எது என்று கடைக்காரரைக் கேட்பதற்குமுன், தம் யந்திரத்துக்கு நேற்று மாலை மசகு இட்டவர் யார் என்று ஒவ்வொருவரும் தம் பண்ணையில் கேட்டுப் பார்க்கட்டும். ஒரு பெயர் உடனே விடையாக வருமானால் அந்த யந்திரம் நெடுநாள் உழைக்கும். விடை வராத இடத்தில், அடுத்த சேற்றுழவு தொடங்குமுன் அந்தப் பெயரைத் தீர்மானித்துவிடுவதே முதல் வேலையாகும்.